மிளகாய் செத்தது, நெல் பிழைத்தது: வேருக்குள் நிற்கும் ஜாகா

கேள்வி: அண்ணே, எங்கள் வீடு மலேசியாவில், சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில், பழைய லயத்துக்குப் பின்னால். போன மாதம் கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) நிரம்பி மூன்று நாள் வாசலில் தண்ணீர் நின்றது. மிளகாய் 12 செடியும் போய்விட்டது. கறிவேப்பிலை இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. கானோரத்தில் இருந்த கங்கோங் கீரை மட்டும் கொழுகொழுவென்று ஆகிவிட்டது. தஞ்சோங் காராங்கில் என் மாமனார் வயலில் நெல் தண்ணீரிலேயே நிற்கிறது, ஒன்றும் ஆவதில்லை. கோலசிலாங்கூர் ஆற்று முகத்தில் பாக்காவ் என்ற சதுப்புநில மரம் உப்புத் தண்ணீரிலேயே வளர்கிறது. வேர் தன்னைச் சுற்றிப் பாதுகாப்புச் சுவர் கட்டிக்கொள்ளும் என்று எங்கோ படித்தேன். உண்மையா? உண்மை என்றால் மிளகாய்க்கு ஏன் அந்தச் சுவர் இல்லை? எல்லாச் செடிக்கும் நன்றாகத் தடித்த சுவராகக் கட்டவைக்க முடியாதா?

பதில்: தம்பி, சுவர் உண்டு. ஆனால் அந்தச் சொல்தான் உங்களைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. சுவர் என்றால் கட்டினது கட்டினதுதான், யாரையும் உள்ளே விடாது. வேருக்கு அது கட்டுப்படியாகாது. உரம் உள்ளே வர வேண்டும், உப்பு வரக்கூடாது. தண்ணீர் வர வேண்டும், வந்த தண்ணீர் திரும்பிப் போகக்கூடாது. காற்று நுனிவரை இறங்க வேண்டும், வழியில் கசியக்கூடாது. அதனால் வேர் கட்டுவது தோட்டத்து கேட் மாதிரி ஒன்று. வேலி, கதவு, அதில் உட்கார்ந்திருக்கும் ஜாகா, அதாவது காவல்காரன், எல்லாம் சேர்ந்தது. ஜாகா நல்லவனாக இருந்தால் போதாது, எப்போது திறப்பது எப்போது மூடுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மிளகாய்க்கும் ஜாகா இருந்தான். அவனுக்குத் தெரிந்த வேலை வேறு, அன்றைக்கு வந்த ஆபத்து வேறு.

நான் தோட்ட நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக 28 வருஷம் இருந்தவன். அதில் பாதிக் காலம் வேரைச் சீவித்தான் போனது. பெரிய கருவியெல்லாம் கிடையாது. சவர பிளேடு, ஒரு துண்டு கேரட். கேரட்டைக் கீறி அதில் வேரைச் செருகி, இரண்டையும் சேர்த்துக் கண்ணாடிபோல மெல்லியதாகச் சீவ வேண்டும். நூறு சீவினால் நாலு தேறும். அதில் சூடான் என்ற சாயத்தை விட்டால் மெழுகுப் பொருள் இருக்கும் இடமெல்லாம் செம்மஞ்சளாகத் தெரியும். ஃப்ளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருளும் அமிலமும் விட்டால் லிக்னின் இருக்கும் இடம் ரோஜா நிறமாகும். லிக்னின் என்பது மரத்தை மரமாக இறுக்கி வைத்திருக்கும் பொருள். நான் சொல்வதில் பாதி அந்தக் கண்ணாடியில் பார்த்தது, மீதி படித்தது.

சீவிய வேர் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். வெளியே மெல்லிய தோல். அதற்குள்ளே புறணி, கொஞ்சம் தொளதொள என்று. நடுவில் இலைவரை தண்ணீரை ஏற்றும் குழாய்கள். அந்தக் குழாய்க் கூட்டத்தைச் சுற்றி ஒரே ஒரு செல் வரிசை, மோதிரம் மாதிரி. அதற்குப் பெயர் அகத்தோல். கதை முழுக்க இந்த மோதிரத்தில்தான்.

மண்ணில் கரைந்திருக்கும் எதுவும் உள்ளே வர இரண்டு வழி உண்டு. ஒன்று, செல்லுக்குள் புகுந்து செல் செல்லாகத் தாண்டி வருவது. இன்னொன்று, செல்லுக்குள் போகாமலே செல் சுவர்களின் ஊடாக ஊறி வருவது. செல் சுவர் சிமெண்டுச் சுவர் அல்ல. தேங்காய் நார் மெத்தை மாதிரி, தண்ணீர் ஊறிக்கொண்டே போகும். இரண்டாவது வழியில் வருகிறவனை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. உப்போ நல்ல பொட்டாசியமோ, எதுவானாலும் நேராக அகத்தோல் வாசல்வரை வந்துவிடலாம்.

அங்கேதான் தடை. அகத்தோலில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒட்டும் இடத்தில், செங்கலுக்கு நடுவே சாந்து பூசியது போல, லிக்னின் ஒரு பட்டையாக இறங்கி அந்த நாரின் துவாரங்களை அடைத்துவிடுகிறது. 1865இல் ராபர்ட் காஸ்பரி என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இதை விவரித்தார், அதனால் காஸ்பேரியன் பட்டை என்று பெயர். அது லிக்னினா, கார்க்கு போன்ற மெழுகா என்று பல காலம் வாதாடினார்கள். அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் அது லிக்னின்தான் என்று 2012இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பட்டை அடைத்தபின் ஊறி வந்தவனுக்கு வேறு வழியில்லை. செல்லின் சவ்வைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்தச் சவ்வில் இருக்கும் புரதங்கள்தான் ஜாகா. இவனை விடலாம், அவனை விடக்கூடாது என்று பார்ப்பது அவைதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மாட்டேன். பட்டை முழுசாக அடைத்துவிட்டதா, எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று வேருக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண்ணா இருக்கிறது? நம் வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க என்ன செய்வோம்? துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கலந்துவிட்டு, வெளியே எங்கே நீலம் கசிகிறது என்று பார்ப்போம். வேரும் அதையேதான் செய்கிறது. மோதிரத்துக்கு உள்ளே இருக்கும் செல்கள் ஒரு சிறு புரதத் துண்டைச் சுரந்து வெளியே விடுகின்றன. அதை உணரும் புரதம் அகத்தோல் செல்லில், பட்டைக்கு வெளிப்பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. இடைவெளி இருந்தால் அந்தத் துண்டு கசிந்து வெளிப்பக்கம் வந்துவிடும், உடனே "இன்னும் பூசு" என்று கட்டளை போகும். எங்கும் கசியவில்லை என்றால் கட்டளை நின்றுவிடும், பூச்சும் நின்றுவிடும். 2017இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதை ஒரே சமயத்தில் வெளியிட்டன. என் ஆயா தொட்டிக்கு நீலம் போட்டபோது இதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இது முதல் வரிசைக் காவல். வேர் கொஞ்சம் வயதானபின் இன்னொன்று வரும். அகத்தோல் செல் தன்னைச் சுற்றிலும், எல்லாப் பக்கமும், சூபரின் என்ற மெழுகை உள்பூச்சாகப் பூசிக்கொள்ளும். புட்டிக்கு அடைக்கும் கார்க்கில் இருக்கிறதே, அதே பொருள்தான். எண்ணெய் வகைக் கொழுப்பமிலங்களைக் கோத்துக் கட்டியது. சூபரின் பூசிய செல், தண்ணீரும் உப்பும் சவ்வைத் தொடவே விடாது. அதாவது முதல் கட்டத்தில் ஜாகா இருக்கும் கேட். இரண்டாம் கட்டத்தில் கேட்டுக்கே பலகை அடித்தாயிற்று. ஆனால் அங்கேயும் எல்லாச் செல்லையும் மூடுவதில்லை. தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே ஒன்றிரண்டு செல்களைத் திறந்தே விட்டுவைக்கும். அவை வழிச்செல்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. 2016இல் அதே லோசான் குழு ஒரு காரியம் செய்தது. செடிக்கு ஒவ்வொரு சத்தாகக் குறைத்து, வேரில் சூபரின் எவ்வளவு பூசப்படுகிறது என்று பார்த்தார்கள். இரும்போ துத்தநாகமோ மாங்கனீசோ குறைந்தால் பூச்சு குறைந்தது, கதவு கூடுதலாகத் திறந்தது. எத்திலீன் என்ற ஹார்மோன் அதைச் செய்தது. பொட்டாசியம் அல்லது கந்தகம் குறைந்தாலும், உப்பு கூடினாலும் பூச்சு அதிகமானது. அதைச் செய்தது அப்சிசிக் அமிலம், வறட்சி வந்தால் இலையின் துவாரங்களை மூடவைக்கும் அதே ஹார்மோன். பொட்டாசியம் குறைந்தால் கதவைத் திறக்க வேண்டியதுதானே, ஏன் மூடுகிறது என்று எனக்கும் முதலில் குழப்பம். வெளியே இருந்து வருவதைவிட உள்ளே இருப்பது கசிந்து போவதுதான் அப்போது பெரிய நட்டம் என்பது நியாயமான விளக்கம். சம்பளம் குறைந்த மாதம் வீட்டுக்காரம்மா செலவுப் பெட்டியைப் பூட்டி வைப்பது மாதிரி.

ஆக, பூச்சு கூடுவதும் குறைவதும் அன்றன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவோம்.

தண்ணீர் நின்றால் செடி ஏன் சாகிறது? தண்ணீர் அதிகமானதால் என்று சொல்வார்கள். காற்று இல்லாமல் போனதுதான் காரணம். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணில் மிச்சம் இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். பிறகு அவை இரும்பையும் மாங்கனீசையும் கரையும் வடிவத்துக்கு மாற்றும். அதுவும் முடிந்தால் கந்தகத்தின் மீது கைவைக்கும், அழுகின முட்டை வாடை வரும். மூச்சு இல்லாத வேருக்குச் சக்தி இல்லை. சக்தி இல்லாத ஜாகா உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவான். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்க ஆளில்லை. செல்லுக்குள் புளிப்பு ஏறுவதால் தண்ணீரை உள்ளே விடும் மடைகளும் மூடிக்கொள்கின்றன. அதனால்தான் மிளகாய், முட்டிவரை தண்ணீரில் நின்றுகொண்டே வெயிலில் வாடியதுபோல் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திட்டியும் இருக்கிறேன்.

நெல் என்ன செய்கிறது? அதன் வேரின் புறணியில் செல்கள் செத்து விழுந்து நீளக் குழாய்களாகக் காலியாகிவிடும். இலையில் இருந்து காற்று அந்தக் குழாய் வழியே நுனிவரை இறங்கும். இதுவரை பலரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது அடுத்த பகுதி. குழாய் இருந்தால் மட்டும் போதுமா? வழியெல்லாம் ஓட்டையுள்ள குழாயில் தண்ணீர் விட்டால் கடைசிப் பாத்திக்கு என்ன போய்ச் சேரும்? வேரைச் சுற்றி இருக்கும் சேற்றுக்கு ஆக்சிஜன் பசி. அது பக்கவாட்டில் உறிஞ்சி எடுத்துவிடும். அதனால் நெல், தண்ணீர் தேங்கியவுடன் வேரின் வெளி அடுக்கை இறுக்கிவிடுகிறது. மேல்தோலுக்கு உடனே கீழே இருக்கும் வரிசைக்கு எக்ஸோடெர்மிஸ் என்று பெயர். அதில் சூபரின், அதை அடுத்த வரிசையில் லிக்னின். இரண்டும் சேர்ந்து குழாயின் பக்கச் சுவரைக் காற்றுப் புகாமல் அடைக்கின்றன. நுனியை மட்டும் திறந்து வைக்கின்றன, ஏனென்றால் காற்று தேவைப்படுவது அங்கேதான். காய்ந்த மண்ணில் வளர்த்த நெல்லில் இந்தப் பூச்சு சரியாக வருவதில்லை. தண்ணீர் நின்றால்தான் வருகிறது. தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலங்களே அதற்கு ஒரு மணி அடிப்பாகவும் வேலை செய்கின்றன.

அடுத்த முறை மாமனார் வயலுக்குப் போனால் ஒரு பயிரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேர் துருப்பிடித்த ஆணி மாதிரி செம்பழுப்பாக இருக்கும். அது அழுகல் இல்லை. நுனியிலும் கிளை வேர்களிலும் கசிந்த ஆக்சிஜன், சேற்றில் கரைந்திருந்த இரும்பைத் தொட்டு அங்கேயே துருவாகப் படியவைக்கிறது. உள்ளே போயிருந்தால் விஷமாகியிருக்கும் இரும்பு வெளியே கவசமாக ஒட்டிக்கொண்டது. வேர் கறுப்பாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது கந்தகம் ஜெயித்துவிட்டது என்பதற்கு அடையாளம், வயலை இரண்டு நாள் வடித்துக் காயவிடச் சொல்லுங்கள். கங்கோங்குக்கு இவ்வளவு சிரமம்கூட இல்லை. தண்டே குழாய், கணுவுக்குக் கணு புது வேர் விட்டுக்கொள்ளும்.

மிளகாய்க்கும் எக்ஸோடெர்மிஸ் இருக்கிறது. நெல்லுக்கு இருப்பது போன்ற காற்றுக் குழாய் அமைப்பு அதற்கு இல்லை. குழாய் இல்லாத இடத்தில் எதை அடைத்து என்ன பயன்? அதன் காவல் வறட்சிக்காகத் தயாரானது. மிளகாயின் நெருங்கிய சொந்தமான தக்காளியில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகக் குழு 2024இல் வெளியிட்டது. தண்ணீர் குறைந்தால் தக்காளி எக்ஸோடெர்மிஸில் சூபரினைக் கூட்டிக்கொள்கிறது. சூபரின் உண்டாக்கும் மரபணுவைக் கெடுத்த செடி வறட்சியில் சீக்கிரம் வாடியது. ஒரு வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷம் உலகமே ஆராய்ந்த அந்த அராபிடாப்சிஸ் களைச்செடிக்கு எக்ஸோடெர்மிஸே கிடையாது. வெளி வாசல் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டு எல்லா வீட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உங்கள் ஊரில் பழைய ஈய லம்பம் (ஈயச் சுரங்கம்) இருந்த பக்கம் மணலாகக் கிடக்கிறதே, அங்கே காய்கறி போடுகிறவர்களுக்குத் தக்காளி, மிளகாயின் இந்தக் குணம்தான் கைகொடுக்கிறது. அந்த மணல் காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானம்வரை வைத்திருக்காது. அதே செடியை உங்கள் கானோரத்தில் வைத்தால் அது தனக்குத் தெரியாத பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி.

பாக்காவுக்கு வருகிறேன். கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் நிற்கும் மரத்தின் குழாயில் ஓடும் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். 1960களில் ஷோலாண்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை அளந்து காட்டினார். கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். தொழிற்சாலையில் அதற்குப் பம்பு வைப்பார்கள். மரத்துக்கு இலைதான் பம்பு. வெயிலில் இலை ஆவியாக்கும்போது உண்டாகும் இழுவிசை அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் வேரில் ஓட்டை இருந்தால் உப்புத்தான் மேலே ஏறும். அதனால் கடலோர மரங்களின் வேரில் இந்த அடைப்புகள் மிக நேர்த்தி. கோலசிலாங்கூரில் அப்பி-அப்பி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரத்தின் இனத்தில் ஒன்றை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். வேர் 90 முதல் 95 விழுக்காடு உப்பை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. உப்பைக் கூட்டினால் சூபரின் பூச்சும் கூடுகிறது. தப்பி வந்த மிச்ச உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் அந்த இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும். பாக்காவ் அவ்வளவு இலையில் துப்புவதில்லை, வேரிலேயே கறாராக இருந்துவிடும். மின்மினி பார்க்க கம்போங் குவாந்தானுக்குப் படகில் போவோமே, அந்தப் பூச்சிகள் உட்காரும் பெரெம்பாங் மரமும் இந்தக் கடலோரக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது உப்புக் குறைந்த ஆற்றுப் பக்கத்தை விரும்பும்.

இவ்வளவு நேரம் காவலின் பெருமையைப் பேசியாயிற்று. அது கைவிடும் இடம் ஒன்று உண்டு, என் வேலைக்காலத்தில் அதை நேரில் பார்த்தேன். சிலாங்கூர் கடற்கரைப் பக்கத்துக் களிமண்ணில் சில இடங்களில் கீழே பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது சாதுவாகக் கிடக்கும். கானை ஆழமாக வெட்டி வடித்துவிட்டால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். மண்ணின் கார அமிலக் குறி (pH) 3.5க்கும் கீழே போய்விடும். நான் இருந்த இடத்தில் மேலதிகாரி ஒருவர், செம்பனை (எண்ணெய்ப்பனை) மரம் நனைந்து நிற்கிறது என்று கானை இரண்டு அடி ஆழப்படுத்தச் சொன்னார். கீழே மஞ்சள் பொட்டு தெரிகிறது, வேண்டாம் என்று கங்காணி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் மரத்தின் ஓலை மஞ்சளடித்தது, குலை சிறுத்தது. கானுக்குக் குறுக்கே பலகை போட்டுத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றியபின்தான் மெல்ல மெல்லத் தேறியது. பலகை போடச் சொன்னதும் அதே அதிகாரிதான், தன் யோசனை என்று அறிக்கையும் எழுதினார்.

அங்கே என்ன நடந்தது என்றால், அவ்வளவு புளிப்பில் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்துவிடும். கரைந்த அலுமினியம் வேரின் நுனியைத் தாக்கும். நுனியில் அகத்தோல் பட்டையும் கிடையாது, சூபரினும் கிடையாது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் எப்படிப் பூசுவது? கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு யாராவது கதவைப் பூட்டுவார்களா? அதனால் நுனியின் காவல் வேறு வகை. வழுவழுவென்று ஒரு பசையைச் சுரக்கும், தன் மேல்செல்களை உதிர்த்துவிட்டுக்கொண்டே முன்னேறும். சில பயிர்கள் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். கோதுமையில் சில ரகங்கள் மாலிக் அமிலம் விடுகின்றன, சோளத்தில் சில ரகங்கள் சிட்ரிக் அமிலம், நம் எலுமிச்சையில் இருப்பதுதான். பிடிபட்ட அலுமினியம் உள்ளே நுழைய முடியாது. ஆனால் 3.5க்கும் கீழே போன மண்ணில் எவ்வளவுதான் சுரக்கும்? அலுமினியம் ஜெயித்தால் நுனி குட்டையாக, தடித்து, மொண்ணையாகி நின்றுவிடும்.

செம்பனையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார். தென்னையின் பெயர் வைத்த தோட்டத்தில் செம்பனை! அந்த மரத்தின் வேரில் நாலு தலைமுறை உண்டு. மரத்தைத் தாங்கும் தடித்த முதல் வேர்கள், அதிலிருந்து கிளைத்தவை, அதிலிருந்து கிளைத்தவை, கடைசியில் மயிர் போன்ற நாலாம் வேர்கள். முதல் வேரைச் சீவினால் வெளி அடுக்கு முழுக்க ரோஜா நிறமாகச் சிவக்கும், அவ்வளவு லிக்னின். நாலாம் வேரில் சிவப்பே இருக்காது. உணவு எடுப்பது பெரும்பாலும் இந்தக் கவசமில்லாதவைதான். வளர்ந்த மரத்துக்கு உரத்தை அடிமரத்தில் குவியலாகக் கொட்டாதே, அகலமாகத் தூவு என்று பெரட்டில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போது, கத்துவதற்குக் காரணம் அதுதான். அடிமரத்தில் இருப்பது பெரும்பாலும் பூட்டிய கதவு. பூட்டிய கதவு பூஞ்சையையாவது தடுக்குமா என்றால், அதுவும் முழுக்க இல்லை. செம்பனையைச் சாய்க்கும் கனோடெர்மாவும், பால்மரத்து வெள்ளை வேர் நோய்ப் பூஞ்சையும் லிக்னினையே தின்று செரிக்கக்கூடியவை.

சரி, எல்லாச் செடிக்கும் தடித்த சுவராகக் கட்டவைக்க முடியாதா? 2009இல் அராபிடாப்சிஸில் வேரில் சூபரின் அதிகமான ஒரு வகையை விவரித்தார்கள். இலை வழியே தண்ணீர் இழப்பது குறைந்தது, வாட்டமும் தாமதமாகவே வந்தது. ஆகா என்று தோன்றும். ஆனால் அதன் இலையில் கால்சியமும் துத்தநாகமும் மாங்கனீசும் குறைந்திருந்தன, சோடியம் கூடியிருந்தது. காவல் பலமானால் சோடியம் குறையத்தானே வேண்டும்? பின்னால்தான் விடை தெரிந்தது. அந்தச் செடியில் காஸ்பேரியன் பட்டை ஓட்டை. அந்த ஓட்டையை ஈடுகட்டத்தான் சூபரினை அள்ளிப் பூசியிருக்கிறது. தடித்த பூச்சைப் பார்த்துப் பலம் என்று நினைத்தது, உள்ளே உடைந்ததை மறைக்கப் போட்ட ஒட்டு. அதோடு சூபரின் இலவசமும் இல்லை. கொழுப்பிலிருந்து செய்வது, காயாகவும் விதையாகவும் போக வேண்டிய சக்தி அது. ஆகவே எல்லா நேரமும் தடித்த சுவர் வேண்டாம், தேவைப்படும்போது சீக்கிரம் மூடி, ஆபத்து போனதும் சீக்கிரம் திறக்கும் ரகம்தான் வேண்டும் என்று விதை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். என் கருத்தும் அதுதான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் இந்தப் பூச்சைக் கூட்டவும் குறைக்கவும் கைகொடுக்கின்றன என்று 2021இல் வந்த ஆய்வு வேறு காட்டியிருக்கிறது. அதனால் செடியின் மரபணுவை மட்டும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நம்பவில்லை.

இப்போது உங்கள் கறிவேப்பிலை. முதலில் தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. இலை கொட்டியது நல்லதற்குத்தான், ஊனமான வேரால் அவ்வளவு இலைக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. பாவம் என்று உரம் போட்டுவிடாதீர்கள். உரமும் ஒரு உப்புத்தான், தூங்கி எழுந்த ஜாகாவின் தலையில் மூட்டையை ஏற்றினது போலாகும். அடியில் மண் இறுகியிருந்தால் தண்டிலிருந்து இரண்டடி தள்ளிக் குச்சியால் குத்திக் காற்றுப் போக வழி செய்யுங்கள். மண்வெட்டியால் கொத்த வேண்டாம், மிச்சம் இருக்கும் மெல்லிய வேரும் அறுந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஓரத்தில் கொஞ்சம் மண்ணை விரலால் விலக்கினால், கறுத்த வேரின் பக்கத்தில் வெள்ளையாகப் புது நுனிகள் தெரிய வேண்டும். அவை தெரிந்தபின், தளிரும் வந்தபின், பாதி அளவு உரம் போடலாம்.

மிளகாயை மறுபடி அதே இடத்தில் வைக்காதீர்கள். பாலித்தீன் பையில் வைத்து, பையைச் செங்கல்மேல் ஏற்றி, ஐந்தடித் திண்ணைச் சுவரோரமாக வையுங்கள். அடியில் நாலு ஓட்டை போட மறக்க வேண்டாம். கானோரத்தைக் கங்கோங்குக்கே விட்டுவிடுங்கள், பக்கத்தில் வேண்டுமானால் கொஞ்சம் வல்லாரை வைக்கலாம், அதுவும் ஈரத்துக்கு அஞ்சாது.